வக்கீல் கம்பெனி இயக்குநராகலாமா, டிரஸ்டியாகலாமா? மதுரை இளம் வழக்கறிஞர் ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மதுரை மாவட்ட நீதிமன்றத்திலும் ஒத்தக்கடைப் பக்கம் உள்ள ஹைகோர்ட் கிளையிலும் எட்டு வருடமாகப் பிராக்டிஸ் செய்கிறார். அவருடைய சித்தப்பா கப்பலூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம், வாளி செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்றை நடத்துகிறார். அதில் இரண்டாவது இயக்குநராக வரச் சொல்கிறார். இன்னொரு பக்கம், தாத்தா எழுதிவைத்த மண்டகப்படி (திருவிழாவில் வழியில் சுவாமியை நிறுத்திச் செய்யும் உபசாரம்) டிரஸ்டில் ஓர் இடம் காலியாகி, அதற்கும் இவரைத்தான் கேட்கிறார்கள். டிரஸ்டுக்குப் புதூரில் இரண்டு கடைகள். அதில் ஒரு கடைக்காரர் மூன்று வருடமாக வாடகை தரவில்லை. "நீ வக்கீல்தானே, டிரஸ்டியா உட்கார்ந்து கேஸையும் நீயே நடத்திடு, ஃபீஸ் மிச்சம்" என்கிறார் பெரியப்பா. ஒப்புக்கொள்ளலாமா, பார் கவுன்சில் அனுமதி வேண்டுமா, ஏதாவது பணம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நேரடியாகச் சொல்கிறேன். இயக்குநராகலாம். டிரஸ்டியும் ஆகலாம். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து அந்தக் கம்பெனிக்கும் அந்த டிரஸ்டுக்கும் நீங்கள் வக்கீல் இல்லை. பெரியப்பா உங்களைக் கேட்பதே வக்கீல் என்பதற்காக. அப்படியென்றால் டிரஸ்டியாக்கினால் அவருக்கு வக்கீல் போய்விடுவார், வக்கீலாக வைத்துக்கொண்டால் டிரஸ்டி கிடைக்கமாட்டார். இதை அவருக்குப் புரியவைப்பதுதான் உங்கள் முதல் வேலை. 36 வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். பேராசையால் கெட்ட வக்கீல்களைவிட, சொந்தக்காரர்களுக்கு உதவப் போய் இந்த இரண்டு இடத்திலும் கால் வைத்துச் சிக்கிக்கொண்டவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கம்பெனியிலிருந்து தொடங்குவோம். அகில இந்திய பார் கவுன்சில் விதிகளில், வழக்கறிஞர் வேறு என்னென்ன செய்யலாம், கூடாது என்பது 47 முதல் 52 வரையிலான விதிகளில் இருக்கிறது. 48-வது விதிதான் உங்களுக்கு. வழக்கறிஞர் ஒரு கம்பெனியின் இயக்குநராகவோ இயக்குநர் குழுத் தலைவராகவோ இருக்கலாம், வழக்கமான சிட்டிங் ஃபீஸ் (கூட்டத்துக்கு வருவதற்கான தொகை) வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: நிர்வாக வேலை எதுவும் பார்க்கக் கூடாது. மேனேஜிங் டைரக்டராகவோ கம்பெனி செகரட்டரியாகவோ கண்டிப்பாக இருக்கக் கூடாது. இதற்குப் பார் கவுன்சிலிடம் முன் அனுமதி வாங்கச் சொல்லவில்லை. மாநில பார் கவுன்சிலின் சம்மதம் கேட்பது பகுதி நேர வேலைக்கு; அது 52-வது விதி. முழு நேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் 49-வது விதிப்படி பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு பிராக்டிஸை நிறுத்த வேண்டும். 47-வது விதி சொந்தமாக வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது; ஸ்லீப்பிங் பார்ட்னராக (பணம் மட்டும் போட்டு நிர்வாகத்தில் தலையிடாத பங்காளியாக) இருக்கலாம், அதுவும் தொழில் கௌரவத்துக்கு ஒவ்வாத வியாபாரமாக இருக்கக் கூடாது. சித்தப்பாவுக்குப் பின் பங்குகள் வாரிசாக உங்களுக்கு வந்தால் 50-வது விதி. பங்கை வைத்துக்கொள்ளலாம், கல்லாவில் உட்கார முடியாது.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. சிக்கல் நடைமுறையில். 'நிர்வாக வேலை' என்பது பதவியின் பெயரை வைத்துத் தீர்மானிக்கிற விஷயம் இல்லை, என்ன செய்கிறீர்கள் என்பதை வைத்துத் தீர்மானிக்கிற விஷயம். விசிட்டிங் கார்டில் வெறும் 'இயக்குநர்' என்று இருக்கும். ஆனால் செக்கில் கையெழுத்து, ஆள் எடுப்பது, சப்ளையரிடம் விலை பேசுவது, ஈ.பி. ஆபீசுக்கு மனு, எல்லாம் இவர் செய்வார். நாளைக்கு ஏதோ வழக்கில் உங்கள் மேல் கோபம் கொண்ட எதிர்த்தரப்புக்காரர் ஒருவர் பேங்கில் கொடுத்த கையெழுத்து மாதிரியின் நகலை இணைத்துத் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு ஒரு புகார் அனுப்பினால் போதும். வழக்கறிஞர்கள் சட்டம் 1961, 35-வது பிரிவில் விசாரணை வரும். கண்டிப்பில் தொடங்கி, சிலகாலம் நிறுத்திவைப்பு, பட்டியலிலிருந்தே பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு.

சித்தப்பா ஏன் உங்களைக் கேட்கிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்று கம்பெனிகள் சட்டம் 2013, 149-வது பிரிவு சொல்கிறது. பெரும்பாலும் அந்த இரண்டாவது பெயருக்காகத்தான் குடும்பத்துக்குள் தேடுவார்கள். 'சும்மா பேருக்கு' என்பார்கள். பேருக்கு என்று ஓர் இயக்குநர் சட்டத்தில் கிடையாது. 166-வது பிரிவு எல்லா இயக்குநருக்கும் ஒரே கடமையைத்தான் சொல்கிறது: நல்லெண்ணத்தோடு, கவனத்தோடு, சொந்தமாக யோசித்து முடிவெடுக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று. இரண்டே பேர் உள்ள போர்டில் சித்தப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனால் மறுநாள் காலையில் கம்பெனியை நடத்துவது யார்? நீங்கள்தான். விரும்பாமலே நிர்வாகத்துக்குள் இழுத்துவிடப்படுவீர்கள். அதனால் சித்தியோ, அவர்கள் பிள்ளைகளோ, ஆலை மேனேஜரோ மூன்றாவதாகச் சேர்ந்தால்தான் வருவேன் என்று சொல்லுங்கள். இந்த ஒரு நிபந்தனையே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

அடுத்தது பேங்க். கப்பலூரில் சிறு தொழில் நடத்துகிறவர்கள் கேஷ் கிரெடிட், அதாவது பேங்கின் நடைமுறை மூலதனக் கடன், இல்லாமல் ஓட்டுவது கடினம். கடனைப் புதுப்பிக்கும்போது பேங்க் எல்லா இயக்குநர்களிடமும் சொந்த ஜாமீன் பத்திரம் கேட்கும். மேனேஜர் ஒரு கட்டுப் பேப்பரை நீட்டுவார், சித்தப்பா பக்கத்தில் நிற்பார், அந்த இடத்தில் மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர், நல்ல சிவில் வக்கீல், இப்படித்தான் தன் மைத்துனர் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடத்தில் இயக்குநர் பதவியிலிருந்து விலகியும்விட்டார். விலகியதோடு ஜாமீனும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது தனி ஒப்பந்தம். கடன் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்தால்கூட இனி வரப்போகும் கடனுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே நிற்கிற பாக்கிக்குப் பொருந்தாது. மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் தானே பிரதிவாதியாக நின்றார். எத்தனையோ கட்சிக்காரர்களுக்காகப் போய் நின்ற அதே ஹாலில் தன் பெயரைக் கூப்பிட்டபோது எப்படி இருந்தது என்று அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே சேருவதற்கு முன்பே, ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சித்தப்பாவிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வருத்தப்படுவார். பரவாயில்லை.

டிஜிட்டல் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் முக்கால்வாசி இயக்குநர்களின் டோக்கன், அதாவது அந்தக் கையெழுத்து இருக்கும் யு.எஸ்.பி. சாதனம், ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. எந்தப் படிவத்தில், எந்தத் தேதியில் நம் பெயர் ஏறியது என்று நமக்கே தெரியாது. வக்கீல் அப்படி விடலாமா? டோக்கனை உங்கள் பீரோவில் வையுங்கள். தாக்கல் செய்ய வேண்டியதைப் படித்துவிட்டு நீங்களே போடுங்கள். மூன்று வருடம் தொடர்ந்து கணக்கோ ஆண்டு அறிக்கையோ தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்கள் கம்பெனிகள் சட்டம் 164-வது பிரிவின்படி ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். 2017-ல் இந்தப் பிரிவில் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் தகுதி நீக்கம் செய்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கம்பெனியில் பெயர் இருந்ததால் நன்றாக நடந்த இன்னொரு கம்பெனியிலும் பதவி போய், ஹைகோர்ட்டுக்கு ரிட் போட ஓடிவந்தவர்களை நான் பார்த்தேன்.

வரிப் பாக்கியும் உண்டு. பிரைவேட் கம்பெனியிடமிருந்து ஜி.எஸ்.டி. வசூலிக்க முடியாமல் போனால், தன்னுடைய பெரிய அலட்சியத்தால் அது நடக்கவில்லை என்று நிரூபிக்காத இயக்குநரிடம் வசூலிக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 89-வது பிரிவு சொல்கிறது. தொழிற்சாலை உரிமத்தில் ஆக்யுபையர், அதாவது ஆலைக்கு முழுப் பொறுப்பாளர், என்று ஓர் இயக்குநர் பெயரைத்தான் எழுதுவார்கள். அது உங்கள் பெயராக இருக்கக் கூடாது. அது முழுக்க நிர்வாகப் பொறுப்பு. செக் திரும்பிய கேஸ் பற்றிப் பயப்படுகிறீர்கள் என்றால், 2005-ல் எஸ்.எம்.எஸ். பார்மசூட்டிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கே தெரியும். இயக்குநர் என்ற ஒரே காரணத்துக்காக மாற்றுமுறை ஆவணச் சட்டம் 141-வது பிரிவில் குற்றவாளியாக்க முடியாது; அன்றாட நடத்தைக்குப் பொறுப்பாக இருந்தார் என்று புகாரில் சொல்ல வேண்டும். ஆனால் செக்கில் கையெழுத்துப் போட்டவர் அந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது. பார் கவுன்சில் விதியும் செக் கேஸ் சட்டமும் இங்கே ஒரே அறிவுரையைத்தான் தருகின்றன: செக் புத்தகத்தைத் தொடாதீர்கள்.

இனி முக்கியமான இடம். கம்பெனிக்கு நீங்கள் ஆஜராகலாமா? கூடாது. பார் கவுன்சில் விதிகளில் 9-வது விதி, தனக்குப் பண சம்பந்தம் உள்ள வழக்கில் ஆஜராகக் கூடாது என்று சொல்லி, உதாரணமாகவே 'தான் இயக்குநராக இருக்கும் கம்பெனியின் கேஸை எடுக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறது. 8-வது விதி இன்னும் அகலமானது. ஒரு நிறுவனத்தின், சங்கத்தின், அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருப்பவர் அதற்காகவோ அதற்கு எதிராகவோ எந்தக் கோர்ட்டிலும் தீர்ப்பாயத்திலும் வேறு எந்த அதிகாரி முன்பும் ஆஜராகக் கூடாது. குழுவுக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி. பள்ளிக் கமிட்டி, உறவின்முறைச் சங்கம், அபார்ட்மெண்ட் சங்கம் எல்லாம் இதில் வரும். பார் கவுன்சிலுக்காகவோ பார் அசோசியேஷனுக்காகவோ ஃபீஸ் வாங்காமல் ஆஜராவதற்கு மட்டும் விலக்கு உண்டு. நம் ஊர் வக்கீல்களில் பலர் பள்ளிக் கமிட்டி செயலாளராகவும் இருந்துகொண்டு பள்ளி வழக்குகளையும் நடத்துவதைப் பார்க்கிறேன். தவறான நோக்கம் எதுவும் அவர்களுக்கு இல்லை, விதியைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எழுத்தில் ஆலோசனை சொல்லலாமே, கோர்ட்டுக்குத்தானே போகக் கூடாது என்று கேட்பீர்கள். சொல்லலாம்தான், ஆனால் எனக்கு அதுவும் பிடிக்காது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்ல வைக்க முடியாது. பாரதிய சாட்சிய அதினியம் 132-வது பிரிவு அதைக் காக்கிறது. போர்டு மீட்டிங்கில் நீங்கள் கேட்டதோ இயக்குநராகக் கேட்டது. அந்தக் காப்பு அதற்குக் கிடையாது. ஒரே ஆள், ஒரே மேஜை. இதில் எந்தப் பேச்சு வக்கீலிடம் சொன்னது, எது இயக்குநரிடம் சொன்னது என்று நாளைக்கு யார் பிரித்துச் சொல்வார்கள்? சித்தப்பாவும் அவர் தம்பியும் பங்குக்குச் சண்டையிட்டுக்கொண்டு சென்னையில் கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போனால், மதுரையில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு யோசனையும் அங்கே பிரமாண வாக்குமூலத்தில் ஏறும். நீங்களும் ஓர் எதிர்மனுதாரர்.

இந்த இடத்தில் எனக்கு வ.உ.சி. நினைவு வருகிறார். தூத்துக்குடி வக்கீல். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி அதற்காகவே ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்தவர். அந்தக் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் நம் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவர்தான். இன்றைய விதி அன்றைக்கு இருந்திருந்தால் வ.உ.சி. சன்னதை, அதாவது வக்கீல் உரிமத்தை, நிறுத்திவைத்துவிட்டுத்தான் கப்பல் விட்டிருக்க வேண்டும். அதில் குறைவு எதுவும் இல்லை. ஒரு கம்பெனியை முழு மனதோடு நடத்த ஆசை வந்தால் சன்னதை நிறுத்திவைக்க பார் கவுன்சிலுக்கு எழுதிவிட்டு நடத்துவது நேர்மையான வழி. திரும்பி வரவும் வழி இருக்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய கம்பெனிகளில் தனி இயக்குநராக, அதாவது இன்டிபென்டன்ட் டைரக்டராக இருப்பது வேறு ரகம். உங்களுக்கு இப்போது தேவைப்படாது, சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே வக்கீல்களுக்கு நல்ல மதிப்பு உண்டு. 10 வருடம் வழக்கறிஞராக இருந்தவர்களுக்கு அந்தத் தகுதித் தேர்வு எழுதுவதிலிருந்துகூட 2021-ல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நீங்கள் பங்குதாரராக இருக்கும் சட்ட நிறுவனத்தின் மொத்த வரவில் 10 சதவீதமோ அதற்கு மேலோ அந்தக் கம்பெனியிடமிருந்து வந்திருந்தால், கடந்த மூன்று நிதியாண்டில் எந்த ஆண்டில் வந்திருந்தாலும் நீங்கள் 'தனி' இல்லை. சட்டம் அங்கேயும் ஃபீஸையும் நாற்காலியையும் தள்ளித்தான் வைக்கிறது. சிட்டிங் ஃபீஸ் உச்ச வரம்பு ஒரு மீட்டிங்குக்கு 1 லட்சம் ரூபாய்.

சரி, டிரஸ்டுக்கு வருவோம். எனக்கு இதுதான் மனதுக்கு நெருக்கமானது.

அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வருகிற வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒரு குடும்பம், ஏதோ ஒரு சமூகம் பல தலைமுறையாக அந்தக் கொஞ்ச நேரத்துக்காக ஒரு கடை வாடகையையோ ஒரு வயலின் குத்தகையையோ எழுதிவைத்திருக்கிறது. அந்தப் பத்திரங்களில் பல, இரண்டு பக்கம்கூட வராது. "வருமானத்தைக் கொண்டு சுவாமிக்கு மண்டகப்படி செய்து, பானகமும் நீர்மோரும் வழங்கி, மீதியைச் சத்திரச் செலவுக்கு வைத்துக்கொள்ள வேண்டியது" என்ற மட்டில் நின்றுவிடும். யார் கணக்கு எழுத வேண்டும், எப்படி விலகுவது, ஒன்றும் இருக்காது.

இந்த டிரஸ்ட் எந்தச் சட்டத்தில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். இந்திய டிரஸ்ட் சட்டம் 1882 தனியார் டிரஸ்டுகளுக்கானது. பொது தர்மத்துக்கும் சமய அறக்கட்டளைக்கும் அது நேராகப் பொருந்தாது, அதன் கொள்கைகளைக் கோர்ட்டுகள் எடுத்துக்கொள்ளும். மண்டகப்படி என்பது கோயில் உற்சவத்தோடு சேர்ந்த குறிப்பிட்ட கைங்கரியம். இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் 1959-ல் 'குறிப்பிட்ட கட்டளை' என்று ஒன்று இருக்கிறது; அந்தச் சட்டப்படி கட்டளையும் சமய நிறுவனம்தான். உங்கள் தாத்தாவின் பத்திரம் அதற்குள் வர நிறைய வாய்ப்பு உண்டு. வந்துவிட்டால் 26-வது பிரிவைப் படியுங்கள். அறங்காவலராக இருக்கத் தகுதியில்லாதவர்கள் பட்டியல் அது. அதில் ஒன்று: அந்த நிறுவனத்துக்காகவோ அதற்கு எதிராகவோ வழக்கறிஞராக ஆஜராகிறவர். அதே பட்டியலில் அந்த நிறுவனத்தின் சொத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரும், அதனோடு ஒப்பந்தம் செய்திருப்பவரும், பாக்கி வைத்திருப்பவரும் இருக்கிறார்கள். பெரியப்பா சொன்ன யோசனை, நீங்கள் டிரஸ்டியாக உட்கார்ந்து கேஸும் நடத்துவது, நேராக இந்தப் பிரிவில் போய் முட்டுகிறது. பார் கவுன்சிலின் 8-வது விதி போதாதென்று அறநிலையத் துறைச் சட்டமும் தடுக்கிறது. கடைக்காரரைக் காலி செய்ய 78-வது பிரிவில் இணை ஆணையர் முன் போனாலும் இதே கதைதான். 'வேறு எந்த அதிகாரி' என்பதில் அவரும் அடக்கம்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்து ஆறாவது வருடம். மேலூர்ப் பக்கம் ஒரு கல்வி டிரஸ்டுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே "நீங்களும் ஒரு டிரஸ்டியா இருங்க" என்றார்கள், மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டேன். அவர்கள் நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டபோது டிரஸ்டிகள் சார்பில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் நானே. குத்தகைக்காரர் காலி செய்ய மறுத்தபோது வழக்குப் போட்டதும் நானே, ஃபீஸ் வாங்காமல். விசாரணை தொடங்கும் நேரத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு மனுப் போட்டார். குத்தகைப் பத்திரத்தைப் பற்றிப் பேசக்கூடிய சாட்சி இந்த வக்கீல்தான், இவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று. அதில் தவறே இல்லை. சாட்சியாக வரக்கூடும் என்று தெரிந்தால் அந்த வழக்கை எடுக்கவே கூடாது என்பது நம் விதி. நீதிபதி என்னைப் பார்த்து, "வக்கீலாக நிற்கிறீர்களா, வாதியாக நிற்கிறீர்களா, முடிவு பண்ணிச் சொல்லுங்கள்" என்றார். டிரஸ்டுக்குத் தனி ஆள் அந்தஸ்து கிடையாது, டிரஸ்டிகள்தான் வழக்கின் வாதிகள். அப்படிப் பார்த்தால் நான் எனக்கே ஆஜராகிக்கொண்டிருந்தேன். வக்காலத்தை விட்டு விலகினேன். புது வக்கீல் கட்டைப் படிக்க வாய்தா, என்னை விசாரிக்க வாய்தா, குறுக்கு விசாரணைக்கு வாய்தா என்று வழக்கு நான்கு வருடம் தள்ளிப்போனது. அந்த நான்கு வருடமும் அந்த இடத்தில் வகுப்பறை கட்ட முடியவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். ஃபீஸ் வாங்காமல் உதவியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்; அந்த உதவிக்கு விலை கொடுத்தது அந்தப் பிள்ளைகள்.

பணம் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். டிரஸ்ட் சட்டம் 50-வது பிரிவு: பத்திரத்தில் சொல்லியிருந்தாலோ, பொறுப்பேற்கும்போதே பயனாளிகளோடோ கோர்ட் மூலமாகவோ ஒப்பந்தம் ஆகியிருந்தாலோ தவிர, டிரஸ்டி தன் சிரமத்துக்கும் திறமைக்கும் செலவழித்த நேரத்துக்கும் ஊதியம் கேட்க உரிமை இல்லை. கைக்காசு செலவழித்திருந்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆக, வக்கீலாக உங்கள் திறமைக்கு வெளியில் என்ன விலை இருந்தாலும் டிரஸ்டியாக அதற்கு விலை கிடையாது. வருமான வரி விலக்குப் பெற்ற டிரஸ்டாக இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. டிரஸ்டிக்கு நியாயமான அளவைத் தாண்டிப் பணம் போனால் டிரஸ்டின் விலக்குக்கே ஆபத்து.

டிரஸ்ட் சட்டத்தின் 88-வது பிரிவை நான் என் ஜூனியர்கள் எல்லோரையும் ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்வேன். அடுத்தவர் நலனைக் காக்கக் கடமைப்பட்ட ஒருவர் அந்த நிலையைப் பயன்படுத்தித் தனக்கென்று ஓர் ஆதாயம் அடைந்தால், அந்த ஆதாயத்தை அந்த அடுத்தவருக்காகவே வைத்திருக்க வேண்டும் என்கிற பிரிவு அது. யார் யார் என்று எழுதும்போது டிரஸ்டி, கம்பெனி இயக்குநர், சட்ட ஆலோசகர் மூவரையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். 1882-ல். நீங்கள் இப்போது இந்த மூன்றாகவும் ஒரே நேரத்தில் ஆகப் பார்க்கிறீர்கள். புதூர்க் கடையை உங்கள் கட்சிக்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விடுவது, டிரஸ்ட் நிலம் விலைக்கு வரும்போது மனைவி பெயரில் வாங்குவது, டிரஸ்டியாகத் தெரிந்துகொண்ட தகவலை வைத்துப் பக்கத்து இடத்தை முடிப்பது, எல்லாமே இதில் வரும். கட்டளைச் சொத்தானால் விற்பனை, அடமானம், ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை எதற்கும் ஆணையரின் அனுமதி இல்லாவிட்டால் செல்லாது என்று அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-வது பிரிவும் இருக்கிறது.

இயக்குநர் பதவியிலிருந்து விலகுவது சுலபம். கடிதம் கொடுத்து, டி.ஐ.ஆர்.-11 படிவத்தை நீங்களே பதிவாளருக்கு அனுப்பிவிடலாம்; கம்பெனி அனுப்பும் என்று காத்திருக்காதீர்கள். பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கு மட்டும் பொறுப்பு தொடரும். டிரஸ்டி அப்படி எழுந்து போக முடியாது. டிரஸ்ட் சட்டம் 46-வது பிரிவுப்படி ஒருமுறை ஏற்றுக்கொண்டால் கோர்ட் அனுமதியோ, ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள பயனாளியின் சம்மதமோ, பத்திரத்தில் அதற்கென்று அதிகாரமோ இருந்தால்தான் துறக்கலாம். பொது தர்மத்தில் பயனாளி யார்? நீர்மோர் வாங்கிக் குடிக்கிற ஊர் ஜனம் அத்தனையும். யாரிடம் போய்ச் சம்மதம் வாங்குவீர்கள்? மற்ற டிரஸ்டிகள் கணக்கு எழுதாமல் விட்டாலும், தெரிந்து நீங்கள் சும்மா இருந்திருந்தால் பொறுப்பு உங்களுக்கும் வரும். ஊரில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து அனுமதி வாங்கி, சிவில் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவில் வழக்குப் போட்டால், கூட்டத்தில் முதலில் கேள்வி வருவது வக்கீலாக இருக்கிற டிரஸ்டியிடம்தான். "உங்களுக்குச் சட்டம் தெரியாதா?" என்பார்கள். தெரியாது என்று நாம் சொல்ல முடியாது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மதுரையில் இளம் வக்கீல்களைத் தேடி வருவதால். டெபாசிட் வாங்குகிற கம்பெனிகள், நிதி கம்பெனிகள், பிளாட் போட்டு மாதத் தவணை வாங்குகிறவர்கள், நல்ல மரியாதையோடு வந்து சட்ட இயக்குநர் பதவி தருவதாகச் சொல்வார்கள். நோட்டீசில் உங்கள் பெயருக்குப் பின்னால் பி.எல். என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் ஓய்வுபெற்ற வாத்தியார் பணம் போடுவார். டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் 1997-ல் நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு. அதற்கான தனி நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது. கணக்கைத் திறந்து காட்டாத எந்த இடத்திலும் பெயரைக் கொடுக்காதீர்கள். உங்கள் பெயர் அங்கே டெபாசிட் பிடிக்கிற தூண்டில்.

இப்போது உங்கள் இரண்டு அழைப்புக்கும் என் யோசனை. சித்தப்பா கம்பெனியை நான் மறுத்துவிடுவேன். உங்களுக்கு அங்கே பங்கு இல்லை, இரண்டு பேர் போர்டு, பேங்க் கடன் உண்டு. அவருக்கு உண்மையில் வேண்டியது ஒரு நல்ல வக்கீல். வக்கீலாக இருங்கள், ஒப்பந்தங்களைப் பாருங்கள், ஃபீஸ் வாங்குங்கள். மூன்றாவது ஆள் போர்டுக்கு வந்து, ஜாமீனும் கிடையாது, செக்கும் கிடையாது என்று எழுதிக் கொடுத்தால் அப்போது யோசிக்கலாம். சேர்ந்தால் முதல் மீட்டிங்கிலேயே எம்.பி.பி.-1 படிவத்தில் உங்கள் மற்ற சம்பந்தங்களை எழுதிக் கொடுங்கள். உடன்படாத தீர்மானத்துக்கு உங்கள் மறுப்பை மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வருடம் முழுக்க எந்த மீட்டிங்குக்கும் போகாமல் இருந்தால் பதவி தானாகவே போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டிரஸ்டை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன். தாத்தா எழுதிவைத்தது. வீட்டில் படித்த ஒருவர் கணக்கைக் கையில் எடுத்தால்தான் அந்த மண்டகப்படி அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆனால் கடைக்காரர் வழக்கை வெளி வக்கீலிடம் கொடுங்கள். உங்கள் ஆபீஸ் ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் இருந்து நடத்துவது கூடாது. விதியின் எழுத்துக்குள் அது நுழைந்துவிடலாம், எனக்கு அது சரியாகப் படவில்லை. ஃபீஸுக்கு டிரஸ்டிகள் கூடித் தீர்மானம் போட்டு, டிரஸ்ட் கணக்கிலிருந்து ரசீதோடு கொடுங்கள். பெரியப்பா ஃபீஸ் மிச்சம் என்றாரே, மூன்று வருட வாடகை பாக்கிக்கு முன்னால் அந்த ஃபீஸ் எவ்வளவு என்று அவரிடமே கணக்குப் போட்டுக் காட்டுங்கள், ஒப்புக்கொள்வார்.

கையெழுத்துப் போடும் முன், சார்பதிவாளர் அலுவலகத்தில் தாத்தாவின் பத்திரத்துக்கு நகல் மனுப் போடுங்கள். வீட்டில் இருக்கிற ஜெராக்ஸை நம்பாதீர்கள். கடைசிப் பக்கம் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். டிரஸ்டி விலகுவது பற்றியும் காலி இடத்தை யார் நிரப்புவது என்பது பற்றியும் அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். கோயில் பெயர் எந்த இடத்தில், எந்த வார்த்தையில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டளையா, தனி டிரஸ்டா என்பது அந்த வரியில்தான் நிற்கிறது. நகல் வந்ததும் அந்த இரண்டு இடத்தையும் அப்படியே எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.